அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?

நான் வேலை பார்க்கும் நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒரு நோய் ஆராய்ச்சியைப் பற்றிப் பொதுக்கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, அந்தக் கட்டுரையைக் காசு கட்டாமல் யாரும் படிக்க முடியாமல் விட்டிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை எழுதினேன். அந்தப் பதிவை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்த எல்லாச் செய்திகளையும் படித்துவிட்டேன். நீக்கப்போவதில்லை. ஆனால் பாதிப் பேர் நான் எழுதியதைப் படிக்காமலே திட்டியிருக்கிறீர்கள், அதனால் அதையே இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி மக்களையே கூப்பிட்டு மேடை போட்டுப் பேசுகிறீர்கள். இணையதளத்தில் பெரிய படத்தோடு செய்தி போடுகிறீர்கள். வாசலில் 'திறந்த அறிவியல்' என்று பதாகை வைக்கிறீர்கள். எல்லாம் சரி. அந்தக் கட்டுரையை அதே மக்கள் படிப்பதற்கு வழி வைத்திருக்கிறீர்களா? வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். இதில் யாரை நான் அவமானப்படுத்தினேன்? எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதப்போவதில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்த கதை அன்று படித்தவர்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னூட்டம் போட்ட யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் கட்டுரையின் தலைப்பு வந்ததும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டார். அவர் மனைவிக்கு அந்த நோய். வீட்டுக்குப் போய்ப் பல்கலைக்கழகச் செய்தியின் அடியில் இருந்த சுட்டியை அழுத்தியிருக்கிறார். அது பதிப்பகத்தின் தளத்துக்குக் கொண்டுபோய், 30 யூரோவுக்கு மேல் கட்டினால்தான் மேற்கொண்டு படிக்கலாம் என்று நின்றுவிட்டது. அவர் கோபப்படவே இல்லை. தான் ஏதாவது தவறாக அழுத்திவிட்டேனா என்று கேட்டு மின்னஞ்சல் எழுதியிருந்தார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அது எனக்கு வந்தது. தப்பு முழுக்க எங்கள் நிறுவனத்தின் பக்கம். தயங்கித் தயங்கி எழுதுகிறவர் அவர். இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதல் எதிர்ப்பு, 'பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கும், சட்டச் சிக்கல் வரும், உனக்குத் தெரியாது' என்பது. தெரியும். ஆய்வாளர்களின் கட்டுரைக்கும் தரவுக்கும் துணை நிற்பதுதான் என் வேலை. நெதர்லாந்தின் பதிப்புரிமைச் சட்டத்தில் 25எஃப்ஏ என்று ஒரு பிரிவு 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. யோஸ்ட் டாவெர்ன என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது என்பதால் இங்கே எல்லோரும் டாவெர்ன திருத்தம் என்றுதான் சொல்வோம். முழுதாகவோ பகுதியாகவோ நெதர்லாந்தின் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்றால், அந்தக் கட்டுரையை நியாயமான காலம் கழிந்தபின் ஆசிரியர் எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாம். பதிப்பகம் என்ன எழுதி வாங்கியிருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. நியாயமான காலம் என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டிருக்கின்றன. நாம் பேசுகிற இந்தக் கட்டுரை வெளிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆசிரியர் சரி என்று ஒரு படிவத்தில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நூலகம் பார்த்துக்கொள்ளும். அந்த 'சரி' வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதில் சட்டச் சிக்கல் எங்கே இருக்கிறது?

'பேராசிரியர்களுக்கு நேரம் ஏது?' என்கிறார் ஒரு அண்ணன். மேடையில் பேச நேரம் இருந்தது. புகைப்படத்துக்கு நிற்க நேரம் இருந்தது. செய்திப் பிரிவுக்கு மேற்கோள் கொடுக்க நேரம் இருந்தது. படிவத்துக்கு மட்டும் நேரம் இல்லை என்றால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

அடுத்து, 'இலவசமாகப் போட்டால் தரம் போய்விடும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்கள்தான் பெருகும்'. அப்படிப்பட்ட இதழ்கள் இருப்பது உண்மை. ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் முறை அநியாயமாகப் போயிருப்பதும் உண்மை. 2020-இல் நேச்சர் இதழ் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று அறிவித்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். ஆனால் அது பதிப்பகங்களின் பேராசை. படிக்க விரும்பும் பெரியவரின் குற்றம் ஆகாது. அதற்கு வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். 2015-இல் லிங்குவா என்ற மொழியியல் இதழின் ஆறு இதழாசிரியர்களும், ஆசிரியர் குழுவில் இருந்த 31 பேரும் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். இதழ் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்துடையது, அதன் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில். லெய்டன் பல்கலைக்கழகத்தின் யோஹான் ரோரைக்கும் அவருடைய சகாக்களும் அப்படியே எழுந்து வந்து யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய குளோஸா என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், தரம் பார்க்கிறவர்களும் அவர்களே. தரம் எங்கே போனது?

இனி தரவு. கட்டுரையைவிட எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். அந்தக் கட்டுரையின் கடைசியில் 'நியாயமான வேண்டுகோள் வைத்தால் தரவு வழங்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. இந்த வரியை நான் வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கிறேன் தெரியுமா? 2022-இல் ஓர் ஆய்வில், கேட்டால் தருவோம் என்று எழுதியிருந்த சுமார் 1,800 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு உண்மையாகவே கடிதம் போட்டுக் கேட்டார்கள். 93 சதவீதம் பேர் பதிலே போடவில்லை, அல்லது தர மறுத்தார்கள். ஆகவே அந்த வரியை நம்பு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

நோயாளிகளின் தரவை எப்படித் திறப்பது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. திறக்கக் கூடாது. யாரும் அதைச் சொல்லவில்லை. 2014-இல் லெய்டனின் லோரென்ட்ஸ் மையத்தில் கூடிப் பேசி, 2016-இல் வெளியிட்ட, ஆய்வுத் தரவை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் ஃபேர் கோட்பாடுகளும் எல்லாவற்றையும் வீதியில் கொட்டச் சொல்லவில்லை. தரவு எங்கே இருக்கிறது, என்ன நிபந்தனையில் கிடைக்கும், அட்டவணையின் எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்று தெளிவாக இருக்கட்டும் என்றுதான் சொல்கின்றன. பூட்டி வைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதுகூட இல்லை.

'தரவு தரவு என்று ஏன் உயிரை விடுகிறாய்' என்பவர்களுக்கு இந்த நாட்டின் இரண்டு பல்கலைக்கழக ஊர்களை நினைவுபடுத்துகிறேன். ஒன்று டில்பர்க். சமூக உளவியலில் நட்சத்திரமாக இருந்த டீடரிக் ஸ்டாப்பெல் பல வருடங்கள் தரவைத் தானே இட்டுக்கட்டினார். பள்ளிகளில் சேகரித்தேன் என்று சொல்லித் தயாராகச் செய்த கோப்பை மாணவர்கள் கையில் கொடுத்தார். அவருடைய முடிவுகள் செய்தித்தாள்களில் சக்கைப்போடு போட்டன. 2011-இல் துணிந்து புகார் சொன்னவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த வருடம் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தபோது அவரை மட்டும் குறை சொல்லவில்லை, யாரும் கேள்வி கேட்காத அந்தத் துறையின் பழக்கத்தையே குறை சொன்னது. அவர் கொடுத்த தரவை நம்பி முனைவர் பட்டம் வாங்கிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று டெல்ஃப்ட். இயற்பியலாளர் லியோ கௌவென்ஹோவன் குழு 2018-இல் நேச்சரில் வெளியிட்ட, மயோரானா என்ற துகளைப் பற்றிய கட்டுரை. குவாண்டம் கணினிக்கு வழி திறந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி. செர்கே ஃப்ரோலோவ், வின்சென்ட் மௌரிக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அசல் அளவீடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கட்டுரையில் வராத தரவையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு நிற்கவில்லை. 2021 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, உற்சாகத்தில் கண் மறைத்துவிட்டது என்று நிபுணர் குழு சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். தரவு முதல் நாளே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்திருந்தால் மூன்று வருடம் வீணாகியிருக்குமா?

சோறு போடுகிற இடத்தைக் குறை சொல்லலாமா அக்கா என்று கேட்டீர்களே, அது வலித்தது. இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மீது எனக்கு இருக்கிற மரியாதை உங்களில் பலருக்குத் தெரியாது. அம்மா இங்கே வந்திருந்தபோது என் தோழியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். இங்கே அது பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக வந்தார்கள். தோழிக்கு இரண்டு பக்கமும் துணைக்கு இருவர். கேள்வி மேல் கேள்வி. சரியாக 45 நிமிடம் ஆனதும் கையில் கோலோடு ஒருவர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, 'ஹோரா எஸ்ட்' என்றார், நேரமாகிவிட்டது என்று லத்தீனில். பாதி வாக்கியத்தில் இருந்த பேச்சு நின்றது. அம்மாவுக்கு மொழி ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் வெளியே வந்ததும், இவ்வளவு பெரிய படிப்பை ஊரார் முன்னாலேயே வைத்துக் கேட்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். நூற்றாண்டுகளாக இப்படிச் சபையில் வைத்துக் கேள்வி கேட்கும் மரபு உள்ள இடம் இது. அதனால்தான் கேட்கிறேன். மதிக்காத இடத்தில் எனக்கு என்ன கோபம் வரப்போகிறது?

கொஞ்சமாவது எடை உள்ள எதிர்ப்பு ஒன்றுதான் வந்தது. யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் இம்பேக்ட் ஃபேக்டரை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணைப் பார்க்க மாட்டோம் என்று 2021-இல் அறிவித்தபோது, 171 ஆய்வாளர்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். எண்ணை எடுத்துவிட்டால் வேறு நாட்டில் வேலை தேடும் இளைஞர்கள் பாதிக்கப்படுவார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் மிஞ்சும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து நாடு நாடாக அலைகிறார்கள், அவர்களுக்கு அந்த எண் ஒரு பிடிமானம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தரவை ஒழுங்காக வைத்தவனுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னவளுக்கும் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காத வேலையை எத்தனை நாள் செய்வார்கள்?

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு எனக்கு எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பியது. 'வெப்பம்2' என்று ஒரு பத்தி. செல்சியஸா கெல்வினா என்று குறிப்பு இல்லை. சில கட்டங்களில் 99 என்று இருந்தது. அது அளவா, அல்லது அளவு எடுக்கவில்லை என்பதற்கான அடையாளமா? எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டி, போனவரைத் தேடிப்பிடித்துப் பேசி, வரிவரியாகச் சரிபார்த்தேன். 99 என்றால் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே விட்டிருந்தால் சராசரியே மாறியிருக்கும். கட்டுரை வந்தது, செய்தி வந்தது, கேக் வெட்டினார்கள். நன்றியுரையில்கூட எங்கள் பிரிவின் பெயர் இல்லை. இதைச் சொன்னால் 'உனக்குப் பெயர் வேண்டும், அதுதான் விஷயம்' என்கிறீர்கள். ஆமாம், வேண்டும். செய்த வேலைக்குப் பெயர் கேட்பதில் என்ன வெட்கம்? 2025 மார்ச்சில் அரசின் நிதி வெட்டை எதிர்த்து லெய்டனில் தொடங்கிப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக வேலைநிறுத்தம் நடந்தபோது, எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த முதல் பயமே அதுதான். பெயர் இல்லாத வேலையை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் ஒருவர், நெதர்லாந்துக்குப் போன சோழர் காலத்து லெய்டன் செப்பேட்டைப் பற்றிப் பேச மாட்டாயா என்று கேட்டிருந்தார். அது வேறு விவாதம், எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் கேட்டதால் சொல்கிறேன். 21 ஏடுகள், நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சாசனம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் நானும் இன்று சண்டை போட முடிகிறதென்றால், அதன் வாசகத்தை ஒருவர் முழுதாகப் படித்து எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழில் அச்சேற்றி வைத்தார் என்பதால்தான். சுருக்கத்தை மட்டும் போட்டு, மிச்சம் வேண்டுமானால் கடிதம் எழுதுங்கள் என்று அவர் விட்டிருந்தால் உங்களிடம் இன்று என்ன இருந்திருக்கும்? அந்தப் பெரியவர் கேட்பதும் அந்த முழு வாசகத்தைத்தான்.

நேற்று அந்தக் கட்டுரையின் ஆசிரியருக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன், நூலகத்துக்கு நகல் போட்டு. பெரியவருக்கும் எழுதிவிட்டேன், உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று. நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரை வந்து ஆறு மாதம் கடந்திருந்தால் உங்கள் நூலகத்துக்கு இன்றே எழுதுங்கள். படிவம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் தேடி எடுத்து அனுப்புகிறேன். திட்டுவதற்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், பின்னூட்டத்தை மூடவில்லை. உங்களுடைய கடைசிக் கட்டுரை திறந்திருக்கிறதா என்பதை மட்டும் முதல் வரியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.