பாதி தற்செயல், பாதி கைவேலை

"சர்ரியலிச ஓவியமா? மனம்போன போக்கில் எதையாவது தீட்டிவிட்டு ஆழ்மனம் என்று சொல்லிக்கொள்ளலாம்." கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிச இயக்கத்தைப் பற்றி இப்படியொரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஓவியம் பழகுகிற பிள்ளைகளே இதை நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம். சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கனவு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் வேலையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். தற்செயலை அவரளவுக்கு நம்பியவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. தற்செயல் கொடுத்ததை அவரளவுக்குத் திருத்தியவர்கள் அதைவிடக் குறைவு.

1924 அக்டோபரில் அந்த இயக்கத்தின் தலைவரான கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது. எழுதுகிறவர்களுக்கு அதில் ஒரு வழி இருந்தது: யோசிக்காமல் வேகமாக எழுதிக்கொண்டே போகலாம். ஓவியருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. சாயம் குழைக்க வேண்டும், பூச வேண்டும், காயவிட வேண்டும். அதற்குள் புத்தி விழித்துக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்துவிடும். எர்ன்ஸ்ட் இதற்கு வழி கண்டது 1925 ஆகஸ்ட் 10 அன்று, பிரான்சின் கடலோர ஊரான போர்னிக்கில், ஒரு விடுதி அறையில் என்று அவரே எழுதியிருக்கிறார். பலமுறை தேய்த்துக் கழுவியதில் தரைப்பலகையின் ரேகைகள் மேலெழுந்து நின்றன. அதன்மேல் தாள்களைப் போட்டுக் கரும்பென்சிலால் தேய்த்தார். ஃப்ரோட்டாஜ் என்பது இதுதான். பிறகு இலை, துணியின் பிய்ந்த ஓரம், கண்டிலிருந்து அவிழ்ந்த நூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தேய்த்தார். அதில் தேறிய 34 படங்கள் 1926-ல் 'இயற்கை வரலாறு' என்ற தொகுப்பாக அச்சாகின.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 70 அல்லது 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் போதும். கெட்டியான டிராயிங் தாளில் மெல்லிய ரேகை ஏறாது. 4பி முதல் 6பி வரையிலான பென்சிலைப் படுக்கவைத்து, பக்கவாட்டால் லேசாகப் பலமுறை தேய்க்க வேண்டும். ஒரே தடவையில் அழுத்தினால் பள்ளத்திலும் கரி இறங்கி ரேகை அடைத்துக்கொள்ளும், தாளும் கிழியும். நான்கு மூலையிலும் டேப் ஒட்டாவிட்டால் தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ரேகை இரட்டையாக விழும். இழைத்துப் பாலிஷ் போட்ட புது மரத்தில் ஒன்றும் வராது. வெயிலும் மழையும் தின்ற பலகைதான் வேண்டும். முடிந்ததும் ஃபிக்சட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் திரவம்) தெளிக்காமல் அடுக்கிவைத்தால் ஒன்றின் கரி இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை செய்தது பாதி வேலைதான். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பில் 'இலைகளின் பழக்கவழக்கங்கள்' என்ற படத்தைப் பாருங்கள். இலையின் நரம்பு தேய்த்து எடுத்ததுதான், மரப்பலகையின் ரேகையும் தேய்த்து எடுத்ததுதான். ஆனால் இலை நிமிர்ந்து நிற்கிறது, பலகைகள் அதற்கு அரணாகின்றன, ஒரு கை அளவுள்ள இலை கட்டட உயரத்துக்குப் போய்விடுகிறது. அளவு குழம்பியதும் படம் கனவாகிறது. அந்தக் குழப்பத்தை உண்டாக்கியது தேய்ப்பு இல்லை. எதை எங்கே நிறுத்துவது, எதைச் சுற்றிலும் வெறுமையாக விடுவது என்ற முடிவு. 'தப்பியோடியவன்' படத்தில் மரரேகை ஒரு விலங்காக மாறுவதற்கு அந்தப் பெரிய கண்தான் காரணம். கண்ணை மறைத்துவிட்டுப் பார்த்தால் அது மறுபடியும் வெறும் ரேகைதான்.

இதையே எண்ணெய்ச் சாயத்தில் செய்தபோது கிராட்டாஜ் ஆனது. காய்ந்த அடிநிறத்தின்மேல் வேறு நிறம் பூசி, கான்வாஸுக்கு அடியில் பலகை, கம்பிவலை போன்றவற்றை வைத்து, ஈரம் இருக்கும்போதே கத்தியால் வழிக்க வேண்டும். மேடான இடத்தில் சாயம் போய் அடிநிறம் தெரியும், பள்ளத்தில் தங்கும். அடிநிறம் காயாமல் அவசரப்பட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். பாசெல் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1927-ஆம் ஆண்டின் 'பெருங்காடு' இந்த வகை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த முறை: டெகால்கோமேனியா. கேனரித் தீவுகளிலிருந்து வந்த ஓவியர் ஆஸ்கர் டொமிங்கெஸ் 1930-களின் நடுவில் இதைச் சர்ரியலிஸ்டுகளிடம் கொண்டுவந்தார். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கறுப்பு குவாஷ் சாயத்தை (தண்ணீரில் குழைக்கும் கெட்டி வண்ணம்) பட்டைத் தூரிகையால் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மெதுவாகப் பிரிப்பது. பவளம், பாசி, பாறை, காளான் என்று யாராலும் தூரிகையில் இழுக்க முடியாத கிளைகள் தோன்றும். இதில் மாயம் எதுவும் கிடையாது. தாளைப் பிரிக்கும்போது பிசுபிசுப்பான சாயத்துக்குள் காற்று நுழைகிறது. லேசான காற்று கெட்டியான சாயத்தைத் தள்ளும்போது எல்லை நேர்கோடாக முன்னேறாது; விரல்விரலாகப் பிளந்து, ஒவ்வொரு விரலும் மறுபடி கிளைவிடும். இரண்டு விரல்களுக்கு நடுவே ஒதுங்கிய சாயம் நரம்பாக நிற்கும்.

ஆகவே பதம்தான் எல்லாம். கடைந்த தயிர் பதத்தில் இருந்தால் கிளை வரும். தண்ணீர் அதிகமானால் குளம்போலத் தேங்கும். கெட்டியாக இருந்தால் வெறும் புள்ளிபுள்ளியாக நிற்கும். சாதாரண டிராயிங் தாள் நீரை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். ஒரு மூலையிலிருந்து உரித்தால் கிளைகள் அந்தத் திசையில் ஓடும். நேராக மேலே தூக்கினால் நடுப்பக்கம் நோக்கிக் குவியும். குவாஷ் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. எண்ணெய்ச் சாயத்தில் அந்த அவசரம் கிடையாது. எர்ன்ஸ்ட் இந்த முறையை எண்ணெய்ச் சாயத்துக்கு மாற்றிக்கொண்டதில் இந்த வசதி இருந்தது.

'மழைக்குப் பின் ஐரோப்பா – 2' (1940–42) அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வாட்ஸ்வொர்த் அதீனியத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 55 × 148 செ.மீ. மட்டுமே. போர்க்காலத்தில் பிரான்சில் தொடங்கி அமெரிக்காவில் முடித்தார். படத்தின் நிலப்பகுதி முழுக்க அழுத்தி உரித்த சாயம்: அரித்துப்போன தூண்கள், அழுகிய பாறைகள். மேலே வானம் மட்டும் மிருதுவாக, பொறுமையாகத் தூரிகையால் தீட்டப்பட்டிருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் இந்த இரண்டும் சந்திக்கிற ஓரம். வானத்தைத் தீட்டும்போதே வேண்டாத சாயச் சிதறலை மூடி, தூண் எது, இடைவெளி எது என்று வெட்டி ஒதுக்கியிருக்கிறார். அந்த நீலம் இல்லாவிட்டால் கீழே இருப்பது பாழடைந்த கண்டம் கிடையாது, வெறும் சாயக்கறை. நடுவே பறவைத்தலையோடு ஈட்டி பிடித்த ஓர் உருவம், நமக்கு முதுகு காட்டும் ஒரு பெண். இரண்டு பேரும் தீர்மானமாக வரையப்பட்டவர்கள்.

இது எர்ன்ஸ்ட் ஒருவருக்கு மட்டும் உரிய விதி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் இதே மாதிரி நீர்வண்ணத்தை அழுத்தி எடுத்து, அதற்கு மரமும் விலங்கும் சேர்த்து நிலக்காட்சி ஆக்கினார். சுவர்க்கறையில் மலையும் போரும் பார்க்கப் பழகுங்கள் என்று ஓவியர்களுக்குச் சொன்ன லியோனார்டோ டா வின்சி, அந்த இடத்திலேயே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: கறை உங்களுக்கு யோசனை கொடுக்கும், எந்தப் பகுதியையும் முடிக்கக் கற்றுத்தராது. சாயம் தோய்த்த பஞ்சைச் சுவரில் எறிந்தாலே நிலக்காட்சி கிடைத்துவிடும் என்ற சக ஓவியர் பொட்டிச்செல்லியின் பேச்சை அவர் கடுமையாகவே கண்டித்தார். எர்ன்ஸ்ட் லியோனார்டோவின் இந்தப் பகுதியைப் படித்தவர்.

கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டும் வேலை, செய்கிறவர்கள் எர்ன்ஸ்டின் 'கருணை வாரம்' தொகுப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 182 படங்கள், 1933-ல் இத்தாலியில் மூன்றே வாரத்தில் செய்தார், 1934-ல் ஐந்து சிறு நூல்களாக வந்தது. சிங்கத்தலை மனிதனும் சிறகு முளைத்த பெண்ணும் ஏன் ஒட்டுவேலையாகத் தெரிவதில்லை? முதல் காரணம், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் மரச்செதுக்கு அச்சுப் படங்களையே வெட்டினார்; எல்லாவற்றிலும் நிழல் ஒரே மாதிரிக் கோடுகளால் ஆனது. இரண்டாவது, உருவத்தின் கறுப்பு எல்லைக்கோட்டின்மேலேயே கத்தரி போனது; வெட்டு அந்தக் கறுப்புக்குள் மறைந்தது. மூன்றாவது, ஒட்டிய மூலத்தை அப்படியே காட்டாமல் அச்சில் மறுபடி எடுத்ததால் தாளின் தடிமன் காணாமல் போனது.

இன்று கணினியில் செய்யப்படும் பெரும்பாலான 'சர்ரியல்' படங்கள் தோற்பது இந்த இடத்தில்தான். யானைக்கு இடப்பக்கம் வெளிச்சம், மேகத்துக்கு வலப்பக்கம். ஒன்று கூர்மை, ஒன்று மங்கல். கால் தரையைத் தொடுகிற இடத்தில் நிழலே இருக்காது. விநோதம் எத்தனை சேர்த்தாலும் கண் நம்பாது. இன்னொரு சர்ரியலிச ஓவியரான டாலியின் உருகும் கடிகாரங்கள் 24 × 33 செ.மீ. படம், ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. அதில் பின்னணிப் பாறைகள் உண்மையான கட்டலான் கடற்கரை. வெளிச்சம் அவற்றின்மேல் விழுகிற விதம் அவ்வளவு துல்லியம். அதனால்தான் கடிகாரம் உருகுவதையும் நம்புகிறோம்.

ஓவியப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேய்ப்பதையும் உரிப்பதையும் ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்து, வந்ததைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதல் நாள் ஆளுக்குப் பத்துத் தாளாவது எடுக்கட்டும், காயட்டும். அடுத்த அமர்வில் ஒவ்வொன்றையும் நான்கு திசையிலும் திருப்பிப் பார்த்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடிவானம் எங்கே என்று ஒரு கோடு போடட்டும். பிறகு வெள்ளை குவாஷை எடுத்து, வேண்டாததை மூட ஆரம்பிக்கட்டும். தாளில் பாதி மூடப்பட்டாலும் தடுக்காதீர்கள்.