கேப் இயரா? வேலையை முதலில் சொல், நாட்டை அப்புறம் பார்க்கலாம்

பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேராமல் ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரலாமா (இதற்குத்தான் ‘கேப் இயர்’ என்று பெயர்) என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு நாள் காலையில் நீ எழுந்திருக்காமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் யாருடைய வேலை கெடும்? இதற்குப் பதில் இருந்தால் தாராளமாகப் போகலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றால் அது சுற்றுலா. சுற்றுலா தப்பே இல்லை, ஆனால் அதற்கு ஒரு மாதம் போதுமே!

‘ஒரு வருஷம் வீணாப் போச்சே’ என்ற பெற்றோரின் புலம்பலில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகத் தன் சேர்க்கைக் கடிதத்திலேயே, வேண்டுமானால் ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று யோசனை சொல்லி வருகிறது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மகள் மலியா 2016இல் பள்ளி முடித்து 2017இல்தான் அங்கே சேர்ந்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009 முதல் புதிதாகச் சேரும் மாணவர்களில் சிலரை ஒன்பது மாதம் வெளிநாட்டில் சேவைக்கு அனுப்புகிறது, அதற்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. டோக்கியோ பல்கலைக்கழகமும் 2013இல் முதலாண்டு மாணவர்கள் ஒரு வருடம் விடுப்பு எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு வயதில் ஒரு வருடம் தாமதமானால் குடி முழுகிவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மாணவர்கள் எல்லாரும் கல்லூரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். முதலில் விண்ணப்பி, இடம் வாங்கு, பிறகு சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேள். பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே அப்படிக் கேட்க வழி இருக்கிறது. எல்லாத் துறையும் சம்மதிக்காது. கணக்குப் பேராசிரியர்கள் பலருக்கு இது பிடிப்பதே இல்லை, ஒரு வருடம் கணக்குப் போடாவிட்டால் கை மறந்துவிடும் என்பார்கள் (அதில் உண்மை இருக்கிறது). சீட் காத்திருக்கும், உதவித்தொகை காத்திருக்காது என்ற சிக்கலும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். காசு கொடுத்துச் சேவை செய்யப் போகிறார்கள் பாருங்கள், அங்கே. பிள்ளையிடமிருந்து ஒரு பெரிய தொகையை நிறுவனம் ஒன்று வாங்கிக்கொள்ளும். ஏழை நாடு ஒன்றில் இரண்டு வாரம் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கவிடும், அடுத்த இரண்டு வாரம் குழந்தைகள் இல்லத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவிடும். அந்தச் சுவரை உள்ளூர்க்காரர் ஒருவர் கூலிக்கு இதைவிட ஒழுங்காக அடித்திருப்பார். குழந்தைகள் இல்லம் இன்னும் மோசம். கம்போடியாவில் சுற்றுலாவோடு சேர்ந்து அனாதை இல்லங்களும் பெருகின, அங்கே இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் இருப்பதால்தான் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். மாதாமாதம் ஒரு புது அண்ணனோ அக்காவோ வந்து கொஞ்சிவிட்டுக் காணாமல் போனால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஏற்பாட்டாளர்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கல்லூரிக்கு எழுதும் கட்டுரையில் மட்டும் அது அழகாக வந்துவிடும்.

சரி, எங்கேதான் போவது? ஜெர்மனியில் தன்னார்வ சமூக ஆண்டு என்று ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லம், மருத்துவமனை, மழலையர் பள்ளி போன்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு வருடம் முழு நேர வேலை. கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் கிடைக்கும், வெளிநாட்டவரும் சேரலாம், ஆனால் ஓரளவு ஜெர்மன் பேச வேண்டும். காலை ஷிஃப்டில் ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, பல்செட்டைக் கழுவிக் கொடுத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வேண்டும். நீ வரவில்லை என்றால் அவர் படுக்கையிலேயே கிடப்பார். மேலே கேட்டேனே ஒரு கேள்வி, அதற்கு இதுதான் பதில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தங்கி உதவும் ஓ பேர் ஏற்பாடும் அங்கே உண்டு, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதி.

ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசாவைப் பற்றிப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பொறுத்து அது இரண்டு வகை. 462 என்ற வகையில் வரும் பெரும்பாலான நாட்டவர்களுக்குப் பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பாவது இருக்க வேண்டும். அதாவது பள்ளி முடித்த உடனே கிடைக்காது! சுற்றுலா விசாவில் போய்ச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாகத் தோட்ட வேலை பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அதுவும் வேலைதான், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யார் போகக் கூடாது என்று கேட்டால், என்ன படிப்பது என்று தெரியாததால் போகிறேன் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் எச்சரிப்பேன். வேறு ஊரில் போய் நின்றால் பதில் தானாக வராது. வீட்டில் யாருடனும் முகம் கொடுத்துப் பேச முடியாமல், தூக்கம் கெட்டு, சோர்ந்து கிடக்கும் பிள்ளையை ‘ஒரு மாற்றம் வேண்டும்’ என்று தனியாக அனுப்புவதுதான் எனக்குப் பயம். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மருத்துவர்.

அக்கா மகள் போன வாரம் இதையே கேட்டாள். “மாமா, நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். என்ன வேலை, எங்கே தங்கல், உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள், எவ்வளவு பணத்தை நீயே சம்பாதித்து வைத்திருக்கிறாய், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி நீயே அம்மாவிடம் கொடு, அப்புறம் நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வயதில் அம்மாவிடம் பேச மாமா தேவைப்பட்டால் முதியோர் இல்ல மேலாளரிடம் லீவு கேட்க யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? பாதிப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள். பணம் பற்றிய வரி இன்னும் காலியாக இருக்கிறது.