படம்பிடித்து வைத்தால் போதுமா?

பழைய குதிரையேற்றக் கலை அழியாமலிருக்க எல்லா அசைவுகளையும் படம்பிடித்து வைக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வைக்கட்டும். ஆனால் சவாரி செய்பவரின் உடம்பு கற்றுக்கொள்வதில் பாதிகூட கேமராவுக்குச் சிக்காது.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிய மாணவர் கையில் முதலில் கடிவாள வாரையே கொடுப்பதில்லை. கால் வைக்கும் அங்கவடியும் கிடையாது. ஆசிரியர் நீளமான கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓடவிடுவார். மாணவர் மேலே உட்கார்ந்து சமநிலை பழக வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் இடுப்பு குதிரையின் முதுகோடு சேர்ந்து அசையப் பழகாதவரிடம் வாரைக் கொடுத்தால், விழாமலிருக்க அதையே இழுத்துப் பிடிப்பார். வலி குதிரையின் வாய்க்கு!

அப்புறம், அங்கே தேர்ந்த லிப்பிஸானர் இனக் குதிரைதான் புது மாணவருக்கு ஆசிரியர். இளங்குதிரையைப் பழக்குவது தேர்ந்த சவாரியாளர். ஒரு தலைமுறை விட்டுப்போனால் இரண்டு பக்கமும் சொல்லித்தர ஆளிருக்காது. 2015-இல் யுனெஸ்கோவின் மரபுக் கலைகள் பட்டியலில் இந்தப் பள்ளியின் கலை இடம்பெற்றது மகிழ்ச்சிதான், ஆனாலும் தினசரிப் பயிற்சியை யாராவது செய்தாக வேண்டுமே.

கட்டுரையில் எனக்குப் பெரிய குறை ஒன்று. லெவாட் (முன்கால்களைத் தூக்கிப் பின்கால்களில் நிற்பது), கேப்ரியோல் (எகிறிக் குதித்துப் பின்கால்களை உதைப்பது) என்று காற்றில் எழும் வித்தைகளுக்குப் பத்தி பத்தியாக இடம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குதிரையேற்ற ஆசான் லா கெரினியேர் விளக்கிய, குதிரையின் தோளை உள்ளே வளைத்து நடத்தும் பயிற்சிக்கு ஒரு வரிகூட இல்லை. குதிரையின் உடலைத் தளர்த்தி, பின்கால்களுக்கு வலுவேற்றும் அந்தப் பயிற்சியைச் சாதாரணக் குதிரையேற்றப் பள்ளியில் படிப்பவரும் நல்ல ஆசிரியர் இருந்தால் கற்கலாம். கேப்ரியோலை எத்தனை பேர் கற்கப்போகிறார்கள்?