அந்த உதைக்குத் தங்கம் கிடைக்காதது சரிதான்

போன வாரம் என்னிடம் கராத்தே படிக்கிற ஒரு பையனின் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சுற்று. சவூதியின் தாரெக் ஹமீதி 4-1 என்று முன்னால் இருக்கிறார். ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நெருங்கி வர, ஹமீதியின் கால் எழும்பிக் கழுத்துப் பக்கம் போய் விழுகிறது. கஞ்ச்சாதே அப்படியே சாய்கிறார். நினைவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசி ஹமீதியைத் தகுதி நீக்கம் செய்கிறார்கள். தங்கம் கஞ்ச்சாதேவுக்கு.

கீழே அவர் கேட்டிருந்தது இதுதான்: “மாஸ்டர், அடிச்சவன் தோத்துட்டான், விழுந்தவன் ஜெயிச்சுட்டான். இது என்ன கேம்?”

நியாயமான கேள்வி. அன்றைக்கு உலகம் முழுக்க இதையேதான் கேட்டார்கள். வாய்ஸ் மெசேஜில் ஏதோ சொல்லிப் பார்த்தேன், எனக்கே திருப்தியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதற்கான பதிலைத் தேடினால் டோக்கியோவை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போக வேண்டும், அதுவும் 1963-க்கு.

ஐரோப்பாவுக்குக் கராத்தே வந்த கதையில் முதலில் வருகிற பெயர் ஆன்றி பிளே. 1950-களில் பாரிஸில் டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் ஜப்பானிலிருந்து ஆசான்கள் வந்தார்கள். லண்டனில் தத்சுவோ சுசுகி வாடோரியு என்ற ஸ்டைலைச் சொல்லிக்கொடுத்தார். காசே, கனசாவா, எனோயேடா, ஷிராய் என்ற நான்கு ஷோட்டோகான் ஸ்டைல் ஆசான்கள் 1965-இல் ஐரோப்பாவைச் சுற்றி வந்து செய்துகாட்டினார்கள். ஆளுக்கொரு ஸ்டைல், ஸ்டைலுக்கொரு கட்டா (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுகள்), ஒரே கட்டாவுக்கே இரண்டு மூன்று வடிவம். கராத்தேக்காரர்களுக்கு இதில் எவ்வளவு வீம்பு உண்டு என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். என் குரு சொன்ன மாதிரி கை வைக்காதவன் கராத்தேயே செய்யவில்லை என்று நம்புகிற ஆட்கள் நாம்.

பிரான்சில் அப்போது ஜூடோ கூட்டமைப்பின் நிழலில்தான் கராத்தே இருந்தது. 1961-இல் அந்தக் கராத்தே பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் ஜாக் டெல்கூர். 1963-இல் இத்தாலி, பிரிட்டன், பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் என்று ஆறு நாட்டு அமைப்புகளுக்கு அழைப்பு அனுப்பினார். டிசம்பரில் பாரிஸில் ஐரோப்பாவின் முதல் கராத்தே மாநாடு கூடியது.

அங்கே எடுத்த ஒரு முடிவைப் பற்றி என் மாணவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எல்லா ஸ்டைலையும் ஒன்றாக்குவது நடக்காத காரியம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, நடுவர் முறையை மட்டும் ஒன்றாக்கலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். நீ எந்த ஸ்டைலாவது செய், எந்த ஆசானையாவது வணங்கு, போட்டி மேட் மேல் ஏறினால் புள்ளி எது, தப்பு எது என்பது எல்லோருக்கும் ஒன்று. கராத்தே ஒரு விளையாட்டாக மாறியது அந்த முடிவில்தான் என்பது என் கருத்து. 1965-இல் ஐரோப்பியக் கராத்தே ஒன்றியம் உருவாகி டெல்கூர் தலைவரானார். அடுத்த ஆண்டே, 1966-இல், முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பாரிஸில் நடந்தது. பத்து நாடுகள் வந்தன. டிவியிலும் காட்டினார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. முகத்தில் படக் கூடாது என்பது விதி. ஆனால் மூக்கும் உதடும் உடைந்து ரத்தம் வந்தது. படித்தவர்களெல்லாம் திட்டினார்கள், இது விளையாட்டா அடிதடியா என்று. விதியை மீறுகிறவனை நடுவர் வாயால் எச்சரிக்கலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அன்றைய நிலைமை. அடுத்த ஆண்டு ரோமில் உட்கார்ந்து விதிகளை இறுக்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த விளையாட்டில் எத்தனையோ மாறிவிட்டது. இப்போது குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் உதைத்தால் இரண்டு, தலைக்கு உதை போனால் மூன்று. கையில் கிளவுஸ், காலில் ஷின் கார்டு. ஆனால் கட்டுப்பாடு இல்லாத அடிக்குத் தண்டனை உண்டு என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

அந்தக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதிரில் நிற்பவனைவிட ஒரு ஜாண் குட்டை. இடுப்பைத் திருப்பி முழு வேகத்தில் கையை விடுவாள். கை அவன் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்று, அதே வேகத்தில் திரும்பி இடுப்புக்கு வந்துவிடும். அவன் கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஒரு விரல் இடைவெளிக்கு அவளுக்கு மூன்று வருஷம் ஆனது. பலகையை உடைக்க ஒருவனுக்கு மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதே பெண்ணை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். கல்யாண மண்டபம், நாலு மேட், ஐநூறு பிள்ளைகள். அவள் உதட்டில் குத்து விழுந்து கிழிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் தொடவே கூடாது. அந்த நடுவர் குத்தியவனுக்குப் புள்ளி கொடுத்தார். போய்க் கேட்டேன். “எங்க ஸ்டைல்ல இது ஓகே மாஸ்டர்” என்றார். 1963-இல் பாரிஸில் முடித்துவைத்த பேச்சு எங்கள் மண்டபத்தில் இன்னும் முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் ஐஸ்கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு “நான் தப்பா மாஸ்டர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 1970 அக்டோபரில் டோக்கியோவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 33 நாடுகள். தனிநபர், அணி இரண்டும் ஜப்பானுக்கே. இரண்டாவது உலகப் போட்டி 1972-இல் பாரிஸில், அணிப் பட்டம் பிரான்சுக்கு. 1975-இல் அமெரிக்காவின் லாங் பீச்சில் பிரிட்டன் அணி இறுதிச் சுற்றில் ஜப்பானையே சாய்த்தது. பாரிஸில் முதல் மாநாடு கூடிப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! ஐரோப்பியர்களின் உடல்வாகுதான் காரணம் என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆண்டுதோறும் ஒரே விதியின் கீழ் வேற்று நாட்டுக்காரனோடு மோதி மோதிப் பழகியதுதான் காரணம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேக்கு இருந்தது எட்டுத் தங்கம். ஸ்பெயின், பல்கேரியா, செர்பியா, பிரான்ஸ், இத்தாலி என்று ஐந்து ஐரோப்பாவுக்குப் போனது. கராத்தே பிறந்த நாட்டுக்குக் கிடைத்தது ஒன்று, கட்டாவில் ரியோ கியூனா வாங்கியது. பெண்கள் கட்டாவில் ஜெயித்த ஸ்பெயினின் சாந்த்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. அவர் கட்டா செய்வதை ஒரு தடவை பாருங்கள், கை நிற்கிற இடத்தில் துணி மட்டும் படபடக்கும்.

அதற்கு அடுத்த ஒலிம்பிக், 2024, பாரிஸில். கராத்தேயைச் சேர்க்கவில்லை. பிரேக் டான்ஸைச் சேர்த்தார்கள். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்தப் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்கள்தான். ஆனால் முதல் மாநாடு, முதல் ஐரோப்பியப் போட்டி, இரண்டாவது உலகப் போட்டி எல்லாம் நடந்த ஊரே கதவைச் சாத்தியது மனசை அறுக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பரிசீலனைப் பட்டியலில் பெயர் இருந்தது, கடைசியில் அதுவும் கைநழுவியது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் மட்டும் இன்னும் நடக்கிறது. 2023-இல் ஸ்பெயினின் குவாதலஹாரா, 2024-இல் குரோஷியாவின் சாதார், 2025-இல் ஆர்மீனியாவின் யெரவான்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கராத்தேயை ஒலிம்பிக் ஒதுக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு. பாரிஸுக்குக் கராத்தே வேண்டாம் என்று 2019-இலேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் சுற்று நடந்தது 2021-இல்.

ஹமீதி அன்றைக்கு அழுததைப் பார்த்து நானும் கலங்கினேன். அவர் கெட்ட எண்ணத்தில் உதைக்கவில்லை, கால் கட்டுக்குள் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு அவர் கழுத்தில் தங்கத்தைப் போட்டிருந்தால், மறுநாள் காலை என் மாடியில் அந்த ஒரு விரல் இடைவெளியை எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பேன்? பையனின் அப்பாவுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வகுப்பு. நீங்களும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் சார்.