ஏற்கிறேன் எண்டு ரிக் போட்டால் ஏற்கிறதோ?

போன கிழமை பெறாமகள் கூகிள் போம் ஒண்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். முடிவெடுக்க உதவுற மென்பொருளை எங்கட மாணவரும் வெளிநாட்டு மாணவரும் எவ்வளவு ஏற்கினம் எண்ட ஆய்வாம். கம்பஸ் அக்கா ஒராள் அனுப்பினது. "மென்பொருள் தரும் முடிவை ஏற்பேன்" எண்ட கேள்விக்கு ஐஞ்சுக்கு நாலு. தேத்தண்ணியை உறிஞ்சினபடியே போட்டாள்.

அண்டு பின்னேரமே பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குப் பாடநெறி ஒழுங்கு போட ஏஐயிட்டக் கேட்டாள். வடிவா அடுக்கிக் குடுத்தது. முதலாவது தூரத் தெற்கில, மாத்தறைப் பக்கம். கொப்பியில எழுதினாள், தகப்பனுக்குக் காட்டினாள், ரியூசன் சேருக்கு வட்ஸ்அப்பில போட்டாள், பிறகு முதலாவதை வெட்டினாள்.

"ஏன் பிள்ளை?"

"அம்மம்மா என்ன சொல்லுவா எண்டு அதுக்குத் தெரியாது சித்தப்பா."

"அப்ப ஏன் நாலு போட்டனி?"

"அது சும்மா."

இந்தச் "சும்மா"வைத்தான் இப்பிடிப் போம் அனுப்புற ஆய்வாளர் கனபேர் எண்ணுறேல்லை. சனம் புதுத் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்குது எண்டு விளக்க 1989இல டேவிஸ் எண்ட ஆய்வாளர் எழுதின மொடலில ரெண்டு விசயம்: பயன்படும் எண்ட எண்ணம், பாவிக்க லேசு எண்ட எண்ணம். அதோட நாட்டுக்கு நாடு பண்பாட்டை ஒப்பிடுற ஹொஃப்ஸ்டீடின்ர அளவுகோலையும் ஒட்டி, எங்கட சமூகம் மேல இருக்கிறவை சொன்னால் கீழ்ப்படியிற சமூகம், அதனால மென்பொருளையும் ஏற்கும் எண்டு எழுதிப்போடுவினம். அந்த அளவுகோல் பிறந்தது 1967இலயிருந்து 1973 வரை ஐபிஎம் ஊழியரிட்ட எடுத்த கருத்துக்கணிப்பில. மாணவரிட்ட இல்லை.

இங்கிலாந்தில 2020 ஓகஸ்டில சோதனை இல்லாமல் கணக்குச் சூத்திரத்தால ஏ.எல். (உயர்தர) பெறுபேறு குடுத்தவை. ஆசிரியர் கணிச்சதில 40 வீதமளவு கீழ இறங்கிப்போச்சு. பள்ளிக்கூடத்தின்ர பழைய பெறுபேற்றையும் பாத்து அளந்ததால, சாதாரணப் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரப் பிள்ளையள்தான் கூட அடிபட்டவை. பிள்ளையள் தெருவுக்கு வந்தினம். நாலு நாளில கைவிட்டாச்சு.

இலங்கையில நாங்கள் 2001இலயிருந்து, ஏ.எல். புள்ளியைச் சராசரியோட ஒப்பிட்டுக் கணக்கிடுற இசட் புள்ளியோட சீவிக்கிறம். பல்கலைக்கழக இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம். அதுக்கு முன்னம், மொழியையும் மாவட்டத்தையும் பாத்து இடம் குடுத்த தரப்படுத்தல். அந்தக் கதையை இங்க ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்ப நாங்கள் கீழ்ப்படிஞ்ச சனமோ? வெட்டுப்புள்ளி குறைவெண்டு பிள்ளையைக் காலத்தோட வன்னிப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தின குடும்பங்களை எனக்குத் தெரியும். (சரி பிழை வேற கதை, அதில எனக்குக் கோவமும் இருக்கு.) அவை சூத்திரத்தோட சண்டை பிடிக்கேல்லை, சுத்திப் போச்சினம். கொம்பியூட்டர் சாதகமும் அப்பிடித்தான்: பொருத்தம் எண்டு வந்தால் கொம்பியூட்டர் பொய் சொல்லாது, இல்லையெண்டு வந்தால் வேற சாத்திரியார்.

ஆய்வு செய்யிற தங்கச்சிமாருக்கு ஒண்டு சொல்லுறன். "ஏற்பீர்களா" எண்டு கேக்கிறதோட விடாமல், ஒரு மாதம் கழிச்சுத் திரும்ப வந்து "என்ன செய்தனீங்கள்?" எண்டும் கேளுங்கோ.

பெறாமகளின்ர போமில அந்த நாலை இனி மாத்தேலாதாம், அனுப்பியாச்சு. கொப்பியில ஒழுங்கை இன்னும் மாத்திக்கொண்டிருக்கிறாள்.