எப்போது கசிகிறது என்று யாரும் கேட்கவில்லை

அம்மா இருபது வருடமாகக் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். கம்பம்மெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போனால் திரும்ப இருட்டிவிடும். ஆறேழு மாதமாகக் காலையில் தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஜீப் பள்ளத்தில் குதித்தால் மூத்திரம் கசிந்து சேலை நனைந்துவிடுகிறது என்று சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. ஆனால் போனிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் தேடிப் பார்த்த ஒன்பது வீடியோக்களையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று நாலே நாளில் நிறுத்தும் பொடி, கூரியரில் வருமாம். இன்னொன்று தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறது. மூன்று வீடியோ நீர்க்கடுப்பைப் பற்றியது, அது வேறு தொல்லை. தமிழில் ஒருவர்கூட "எப்போது கசிகிறது?" என்று கேட்கவில்லை. என் எரிச்சல் அதுதான்.

இருமினால், தும்மினால், சுமை தூக்கினால் கசிவது ஒரு வகை. அடிவயிற்றைத் தாங்கும் இடுப்புத் தசை தளர்ந்திருக்கும். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குள் நுழைவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. அங்கே மூத்திரப்பை நேரம் பார்க்காமல் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, பை நிரம்பி வழிவதும் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையும்கூடத் தொல்லையைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் என்றால் எப்படி?

தண்ணீரை ரொம்பக் குறைத்தால் மூத்திரம் அடர்த்தியாகிப் பையை உறுத்தும். மலச்சிக்கல் வரும், அதுவும் கசிவைக் கூட்டும். (கழிப்பறை இல்லாத தோட்டத்தில் நிற்கிறவரிடம் "நிறையக் குடிங்க" என்று சொல்லவும் வாய் வரவில்லை.)

முதல் வகைக்கு உதவும் பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948லேயே எழுதிவிட்டார். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறை இழுத்து விட வேண்டும், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். மூன்று மாதம் என்று தலைப்பு வைத்தால் யார் பார்ப்பார்கள்! ஒரு வீடியோவில் மூத்திரம் போகும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்கிறார்கள். தினமும் அப்படிச் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

மலையாளத்தில் ஒன்று கிடைத்தது. பெயர் போட்ட டாக்டர், அந்தக் கேள்வியிலேயே தொடங்கினார். மூத்திரத்தில் ரத்தம் வந்தால் வீடியோவை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொன்னார். தோட்டத்துப் பழக்கத்தில் அம்மாவுக்கு மலையாளம் புரியும். புரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

அப்புறம் நேரில் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியும் "எப்பம்மா கசியுது?"தான். மூத்திரம், சர்க்கரை இரண்டும் பார்த்துவிட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இப்போது ஏழாவது வாரம். முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்.

போன வாரம் பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரே ஜீப்பில் ஐந்து பேருக்கு இதே தொல்லையாம். இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் தெரியாது.