149 ரிங்கிட் ஆண்டிவைரஸைக் கழற்றிய கதை

மாதக் கடைசி வந்தால் பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் என் வேலை. ஏழெட்டுச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவள் என்று பேர்தான். பிரிண்டர் தாளை மென்றால் நான், வைஃபை நின்றால் நான், பாஸ்வேர்டு மறந்தாலும் நான். இத்தனை வருடம் பார்த்ததை வைத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காசு கொடுத்துப் போட்டிருக்கும் ஆண்டிவைரஸ், பிரவுசருக்குள் மூக்கை நுழைக்காமல் இருந்தாலே கடைக் கம்ப்யூட்டர்களின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

போன மாதம் நடந்தது இது. மார்க்கெட் ஸ்திரீட்டில் (பழைய ஆட்களுக்கு அது இன்றும் கடைத்தெருதான்) ஒரு மசாலாக் கடை. காலையில் நான் பசியாறிக்கொண்டிருக்கும்போதே முதலாளி அண்ணன் போன் செய்தார். “தங்கச்சி, கம்ப்யூட்டர்ல எதைத் தொறந்தாலும் ஒரு முக்கோணம் காட்டுது. ஆனா பரவால்ல, தம்பி வழி கண்டுபிடிச்சிட்டான்.” தம்பி என்பது கல்லாவில் உட்காரும் அவருடைய அக்கா மகன். அவன் கண்டுபிடித்த வழியை நேரில் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஃபயர்பாக்ஸில் எந்தத் தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கைப் பக்கம் வந்தது. தம்பி அதைப் படிக்கவே இல்லை. ‘அட்வான்ஸ்ட்’ பொத்தானில் ஒரு தட்டு. அப்புறம் கீழே இறங்கி, ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை, தொடர்கிறேன் என்று சொல்லும் பொத்தானில் இன்னொரு தட்டு. சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற வேகம். சில தளங்களில் அந்த இரண்டாவது பொத்தானே வராது. அவற்றை மட்டும் குரோமில் திறந்துகொண்டான். மூன்று நாளாக இப்படியே சரக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.

குரோம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பார்க்க, அதே தளத்தைக் குரோமில் திறந்தேன். முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டி, இணைப்பு பாதுகாப்பானது என்ற வரியைத் தட்டி, தளத்தின் அடையாள அட்டை மாதிரியான சான்றிதழைத் திறந்தேன். சான்றிதழை வழங்கியவர் யார் என்ற இடத்தில், தளங்களுக்குச் சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றின் பெயர் இருக்க வேண்டும். இருந்தது அண்ணன் வருடத்துக்கு 149 ரிங்கிட் கட்டும் ஆண்டிவைரஸின் பெயர். நீங்களும் இப்போதே உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம், அரை நிமிட வேலை.

என்ன நடக்கிறது என்றால், இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ். தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் போவது பூட்டிய பெட்டி. நடுவில் நிற்கும் ஆண்டிவைரஸுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதனால் அது கம்ப்யூட்டரில் தன் பெயரில் ஒரு மூலச் சான்றிதழைப் போட்டுக்கொள்கிறது; அதை வைத்து மற்றத் தளங்களின் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்ளலாம். பெட்டியைத் தானே திறந்து, பார்த்து, தன் பூட்டைப் போட்டு மறுபடி மூடி, “எல்லாம் சரி” என்று பிரவுசரிடம் கொடுக்கிறது. அபார்ட்மெண்ட் வாசல் காவலாளி உங்கள் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப டேப் ஒட்டி, கடைக்காரர் முத்திரையையும் தானே செய்து குத்தி மேலே அனுப்பினால் எப்படியோ அப்படி. காவலாளி நல்லவராகவே இருக்கட்டும். முத்திரை போலி என்றால் இனி எந்த முத்திரையைப் பார்த்து நான் நம்புவது?

விண்டோஸின் சான்றிதழ் பட்டியலில் இப்படிச் சேர்க்கப்பட்டதைக் குரோம் ஏற்றுக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. 2019 ஜூலையில் வந்த ஃபயர்பாக்ஸ் 68-இலிருந்து இந்தச் சிக்கல் தெரிந்தால் விண்டோஸ் பட்டியலையும் எட்டிப்பார்க்கும்படி செய்தார்கள், ஆனாலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அண்ணன் கடையில் ஆண்டிவைரஸ் ஒரு ராத்திரி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதிலிருந்துதான் இந்தக் கூத்து.

இது அண்ணன் கடைத் தலையெழுத்து மட்டும் இல்லை. 2019 ஜனவரி கடைசியில் ஃபயர்பாக்ஸ் 65 வந்தபோது அவாஸ்ட், ஏவிஜி என்ற ஆண்டிவைரஸ்கள் வைத்திருந்தவர்களுக்கு இதே மாதிரி தளங்கள் திறக்காமல் போய், ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லா விண்டோஸுக்கான தானியங்கிப் புதுப்பிப்பையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. ஃபயர்பாக்ஸில் எச்டிடிபிஎஸ் சோதனையை அந்த ஆண்டிவைரஸ் பக்கம் அணைத்த பிறகுதான் மறுபடி விட்டார்கள்.

பக்கம் திறக்காமல் போனது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. மூன்று நாளில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் விரல், எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் இரண்டு தட்டு தட்டப் பழகிவிட்டதே, அதுதான் வயிற்றெரிச்சல். நாளைக்கு உண்மையிலேயே போலித் தளம் ஒன்று வந்து பிரவுசர் கத்தினாலும் அந்த விரல் அதையேதான் செய்யும். இதைப் பழக்கிவிட்டது திருடன் இல்லை, பாதுகாப்புக்கென்று வாங்கிப் போட்ட சாமான்.

நியாயமாகப் பேச வேண்டும். ஒரு காலத்தில் ஆண்டிவைரஸ் இல்லாமல் முடியாது. பள்ளி அசைன்மெண்டைப் பென்டிரைவில் கொண்டுபோய் கொம்தார் பக்கம் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து வந்தால், கூடவே நாலு வைரஸும் வீட்டுக்கு வரும். பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் அடைத்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. அன்றைக்கு பிரவுசர் ஒரு திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் டூல்பார் மாட்டலாம். ஆண்டிவைரஸும் மாட்டியது. அன்றைய பழக்கத்தை இன்றும் விடாமல் செய்வதுதான் கோளாறு.

பிரவுசர் கம்பெனிகள் இதை எப்போதோ சொல்லிவிட்டன. 2017 நவம்பரில் கூகுள் வெளியிட்ட கணக்குப்படி, விண்டோஸில் குரோம் வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் குரோமோடு ஒட்டி உறவாடும் வேறு மென்பொருள் இருந்தது. குரோமுக்குள் தன் நிரலைச் செருகும் மென்பொருள் இருந்தால் குரோம் விழுந்து நொறுங்கும் வாய்ப்பு 15 விழுக்காடு அதிகம். இனி வெளியார் நிரலை உள்ளே விடப்போவதில்லை, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் மாட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்) போன்ற முறையான வழியில் வாருங்கள் என்று அப்போதே சொன்னார்கள். அதே மாதம் ஃபயர்பாக்ஸ் 57 வந்து பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் ஒரே நாளில் வெளியே தள்ளியது. 2021-இல் குரோமின் புதிய பதிப்பு ஆறு வாரத்துக்குப் பதில் நான்கு வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. பிரவுசரின் உள்வேலையை நம்பிப் பிழைக்கும் மென்பொருள் இந்த ஓட்டத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்? வருடம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டேதான் ஓட வேண்டும்.

சரி, எக்ஸ்டென்ஷனாக வந்தால் ஒழுங்காக வந்தார்களா? அங்கேதான் எனக்குக் கோபமே. 2015 டிசம்பரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் தாவிஸ் ஓர்மண்டி, ஏவிஜி தன் ஆண்டிவைரஸோடு சேர்த்துக் குரோமில் மாட்டிய எக்ஸ்டென்ஷனில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். ஏறக்குறைய 90 லட்சம் பேரின் பிரவுசரில் இருந்த எக்ஸ்டென்ஷன் அது. அவர்கள் எங்கெங்கே உலாவினார்கள் என்பதை வெளித் தளங்கள் பார்க்கும்படி இருந்தது. 2019 டிசம்பரில் அவாஸ்ட், ஏவிஜி எக்ஸ்டென்ஷன்கள் தேவைக்கு மேல் உலாவல் விவரங்களை அனுப்புகின்றன என்று மொசில்லா அவற்றைத் தன் எக்ஸ்டென்ஷன் தளத்திலிருந்து எடுத்தது. அடுத்த மாதமே, அந்த விவரங்கள் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்கப்படுவது செய்தியாக வெடித்து, ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அவாஸ்டுக்கு விதித்தது 1 கோடியே 65 லட்சம் டாலர். வேவு பார்ப்பதைத் தடுக்கிறேன் என்று விற்ற சாமான்.

அண்ணன் கடைக் குரோமில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். பதினொன்று. ஆண்டிவைரஸோடு வந்தவை மட்டும் மூன்று: ஒன்று பாதுகாப்பான தேடலாம், ஒன்று விலை ஒப்பிடுமாம், ஒன்று பாஸ்வேர்டு காக்குமாம். மூன்றுக்கும் ஒரே அனுமதி: எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம். சீரக விலை ஒப்பிட இது எதற்கு? “நீங்களா போட்டீங்க?” என்று கேட்டேன். “சரி சரின்னு அமுக்குனேன்மா” என்றார் அண்ணன். பிரவுசர் கேட்கத்தான் செய்யும். ஆனால் ஆண்டிவைரஸ் பெயரில் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

மிச்ச எட்டில் நான்கைந்துக்கு ஏற்கெனவே உயிர் இல்லை. எக்ஸ்டென்ஷன்களுக்கான பழைய விதிமுறையைக் குரோம் 2024-இல் அணைக்கத் தொடங்கி 2025-இல் முடித்தது. புது விதிமுறைக்கு மேனிஃபெஸ்ட் வி3 என்று பெயர். அதில் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு இணைப்பையும் நடுவில் பிடித்து நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும், தடுப்பதைப் பிரவுசரே செய்யும். விளம்பரம் தடுப்பவர்களுக்கு இதில் பெரிய மனக்கசப்பு, எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் 149 ரிங்கிட் சாமான்களின் கை கட்டப்பட்டதில் வருத்தமே இல்லை.

கோலாலம்பூரில் ஐடி வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது சண்டைக்கே வந்தான். கம்பெனிகளில் எண்டுபாயின்ட் பாதுகாப்பு (ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போடும் காவல் மென்பொருள்) இல்லாமல் ஒருநாள் ஓட்ட முடியாதாம். இருக்கலாம். அங்கே அதை மேய்க்க ஆள் இருக்கிறது, எது உடைந்தது என்று பார்க்க ஆள் இருக்கிறது. மசாலாக் கடையில் மல்லி அளப்பவர்தான் ஐடி டிபார்ட்மெண்ட்.

இன்னொரு பக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த புடவைக் கடை ஒன்றில் இன்னும் விண்டோஸ் 7. குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023-லிருந்து புதுசு கிடையாது. “ஆண்டிவைரஸ் கட்டியிருக்கேனே” என்கிறார் அந்த அக்கா. இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டை அடைக்காத பிரவுசருக்கு வெளியே எத்தனை காவல் போட்டு என்ன? அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் பழைய நல்ல லேப்டாப் ஒன்றுக்கு முன்பணம் ஆகும். அக்கா கேட்கவில்லை. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார், எந்த தீபாவளி என்று சொல்லவில்லை.

அண்ணன் கடையில் ஆண்டிவைரஸைக் கழற்றினேன். சும்மா போகாது அது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டது, பாதி விலை என்றது, ஆபத்து என்று சிவப்பில் மிரட்டியது. இரண்டு முறை ரீஸ்டார்ட் கேட்டது. அது போனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. அதற்குத் தனிக் காசு இல்லை, பிரவுசரின் பூட்டையும் அது மாற்றிப் போடுவதில்லை. எக்ஸ்டென்ஷன்களில் இரண்டை மட்டும் விட்டேன். ஃபயர்பாக்ஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எல்லாத் தளங்களையும் திறந்தது. குரோமில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் பெயர் மாறியிருப்பதை அண்ணனுக்குக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். தம்பியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: இனி அந்த எச்சரிக்கை வந்தால் தொடாதே, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அதிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ மழை. பிரிண்டரில் மை குறைவு என்பதுகூட வருகிறது. தலைவலிதான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். போன செவ்வாய்க்கிழமை வந்தது மட்டும் வேறு மாதிரி. திரையின் வலது மூலையில் சின்னப் பெட்டி, சிவப்புக் கேடயம், உங்கள் ஆண்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று. யாரோ கடையில் ஏதோ ஒரு கிரிக்கெட் தளத்தைத் திறந்து, அறிவிப்பு அனுப்பலாமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தளம் அனுப்பிய போலி அது.

நான் பதில் தட்டுவதற்குள் அண்ணனிடமிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. பின்னால் மிளகாய் அரைக்கும் மெஷின் சத்தம். “தங்கச்சி, அதைத்தான் நீ போன மாசமே கழட்டிட்டியே. கழட்டுனது எப்படிம்மா முடியும்? நான் ஒண்ணையும் அமுக்கல.”